முந்தி வந்த சத்தம்

ஆமைக்கரட்டில் சத்தம் முதன்முதலாக முந்திக்கொண்டு வந்தது ஓர் அமாவாசைப் பகலில், கல்குழிக்குள் ஈ காக்கை இல்லாத நேரத்தில். அமாவாசையன்று அங்கே யாரும் வெடிமருந்தைத் தொடுவதில்லை, கம்ப்ரசரைக் கிளப்புவதில்லை, சக்கைக்கல் உடைக்கும் பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடி உலர்த்திக்கொண்டிருப்பார்கள். அப்படி அவர்கள் உலர்த்திக்கொண்டிருந்த பகல் ஒரு மணிக்கு, பதினோரு வேட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, அடுக்கிலிருந்த பாத்திரங்கள் நடுங்க, சுவரில் ஏற்கெனவே ஓடியிருந்த விரிசல்களிலிருந்து மண் உதிர, ஊருக்கு மேலே வெடித்தது. எல்லோரும் குழியின் பக்கம் பார்த்தார்கள். புகை இல்லை, தூசி இல்லை, ஒரு கொக்கு மட்டும் குழிக்கு மேலே நிதானமாகப் பறந்து போனது.

வெடிக்காரர் நாச்சிமுத்து அப்போது இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக அந்தக் குழியில் வெடி வைப்பவர், கல்லுடைப்போர் சங்கத்தின் தலைவர், கூலியை மூன்று முறை ஏற்றிக் காட்டியவர், அதில் இரண்டு முறை சிறைக்குப் போய் வந்தவர். பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே பதினொன்று என்று எண்ணி முடித்தார், ஏனென்றால் வேட்டுச் சத்தம் கேட்டால் எண்ணாமலிருக்க அவரால் முடியாது. பாறையில் குடைந்த துளையைத் தமர் என்பார்கள். எத்தனை தமரில் மருந்து அடைத்தாரோ அத்தனை வேட்டுக் கேட்டாக வேண்டும். ஒன்று குறைந்தால் அது பாறைக்குள் உயிரோடு படுத்திருக்கிறது என்று பொருள், எண்ணிக்கை சரியாகும்வரை வெடிக்காரர் ஒருவரையும் குழிக்குள் இறங்கவிடக் கூடாது.

இருபத்தொரு நாள் கழித்து, பகல் ஒரு மணிக்கு, பதினோரு தமரில் மருந்து அடைத்துவிட்டு நாச்சிமுத்து பொத்தானை அழுத்தினார். பாறை எழும்பியது, புரண்டது, விழுந்தது, புகை வந்தது, தூசி வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. இலவம்பஞ்சு மூட்டை ஒன்று கீழே விழுந்தால்கூட அதைவிடப் பெரிய சத்தம் வரும். எண்ணுவதற்கு ஒன்றுமில்லாத வெடிக்காரர் குழியின் கரையில் குந்திக்கொண்டார். கீழே எத்தனை வெடித்தது, எத்தனை வெடிக்கவில்லை என்று சொல்ல முடியாமல் அறுபது பேரை அவர் வெயிலில் நிறுத்தி வைத்திருந்தபோது, டீக்கடை மரகதம் தூக்குப்போணியோடு கரைக்கு வந்து, "எதுக்குங்ணா உக்காந்துட்டீங்க? அமாவாசையன்னிக்கே பதினொண்ணு எண்ணீட்டமே. எறங்கச் சொல்லுங்க, டீ ஆறுது" என்றாள்.

ஆமைக்கரடு அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஏன் வந்தது, எதனால் வந்தது என்று கேட்க அந்த ஊருக்கு நேரமில்லை. ஊருக்குப் பெயர் கொடுத்த கரட்டுக் குன்று இருந்த இடத்தில் இருநூறடிக் குழி வந்தபோது அதைக் கேட்காத ஊர் இதையா கேட்கப் போகிறது? குழிக்குள் பிறக்கும் எந்தச் சத்தமும், வேட்டானாலும் சம்மட்டியானாலும் மனுசக் குரலானாலும், இருபத்தொரு நாள் முந்தி ஊருக்கு மேலே கேட்டுவிடும். அதற்கான நாள் வரும்போது குழி ஊமையாக இருக்கும். கரையைத் தாண்டி உள்ளே இறங்கினால் வாய் அசையும், குரல் இருக்காது. ஆகவே வேலைக்காரர்கள் கையால் பேசக் கற்றார்கள். விசிலுக்குப் பதிலாக ஒரு நீளக் கயிறு வந்தது. அதன் கிளைகளை ஆளுக்கொன்றாக மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள், மூன்று இழுப்பு என்றால் வெடி, ஓடு. மரகதம் டீக்கடைச் சுவரில் கரிக்கட்டியால் நாள்தோறும் வேட்டு எண்ணிக்கையை எழுதினாள். பதினொன்றுக்குப் பத்து என்று எழுதியிருந்த நாளில் நாச்சிமுத்து முன்கூட்டியே தெரிந்துகொண்டு, தூங்குகிற ஒற்றைத் தமரைத் தேடி மாலைவரை பாறையைத் தடவிக்கொண்டிருந்தார். பெண்கள் சமைத்துக்கொண்டே புருசன்மார் மூன்று வாரம் கழித்துப் பேசப்போகும் பேச்சைக் கேட்டார்கள். "எம்பொண்டாட்டி வெக்கிற கொழம்பு கழனித் தண்ணி" என்று ராக்கியப்பனின் குரல் ஒருநாள் வானத்தில் சொன்னது. அன்று மாலை அவன் முதுகில் விளக்குமாறு விழுந்தது. "இன்னும் சொல்லவே இல்லாத பேச்சுக்கு அடி வாங்குன மொத ஆளு நானுதானுங்க" என்று அவனே டீக்கடையில் சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு ஐப்பசிவரைதான் இருந்தது. ஐப்பசியில் ராக்கியப்பனின் அலறல் கேட்டது. காலு, ஐயோ எங்காலு என்று கேட்டது. இருபத்தொன்றாம் நாள் அவன் வேலைக்குப் போகவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தான், அவனுக்குப் பதிலாக அவன் தம்பி குழந்தைவேலு போனான். பிற்பகலில் குழந்தைவேலுவைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல் என்று அப்போதுதான் ஊருக்கு நினைவு வந்தது. அதற்குப் பிறகு யாரும் தன் குரல் கேட்டால் சிரிப்பதில்லை. கேட்டது நடக்கும், நீ போகாவிட்டால் இன்னொருவனை வைத்து நடக்கும் என்பதை ஊர் தனக்குள் எழுதிக்கொண்டது, எழுதிக்கொண்டு வேலைக்குப் போனது, ஏனென்றால் அந்த வட்டாரத்தில் கிணறுகள் வற்றி, சோளக்காடுகள் சுண்ணாம்பாய் வெளுத்து, குழியைத் தவிர வேறு வேலை இல்லை. கிணற்றை வற்றவைத்ததும் அதே குழிதான். சுரண்டுகிறவன் கையில்தான் சோறும் இருக்கும், அதுதான் சுரண்டலின் இலக்கணம் என்று நாச்சிமுத்து ஒரு காலத்தில் சங்கத்தின் துண்டறிக்கையில் எழுதியிருந்தார். இப்போது அதை நினைத்தால் அவருக்கே எரிச்சலாக இருந்தது. எழுதியவரும் அந்தச் சோற்றைத்தான் தின்றார்.

மறுவருடம் குழிக்கான சுற்றுச்சூழல் அனுமதி முடியும் காலம் வந்தது. செப்டம்பர் பதினேழோடு முடிகிறது. புதிய அனுமதி கையில் இல்லாவிட்டால் பதினெட்டாம் தேதி காலையில் குழியைப் பூட்ட வேண்டும். முதலாளி அர்த்தனாரி காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கினார். முந்நூறு மீட்டருக்குள் வீடில்லை என்று ஒரு சான்று, கோயிலில்லை என்று ஒரு சான்று, காடில்லை, ஓடையில்லை, மயிலில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று. இல்லை என்று எழுதித் தருவதற்கு இந்த நாட்டில் எத்தனை முத்திரைகள் இருக்கின்றன என்பதை அந்த மூட்டையைப் பார்த்தால் தெரியும். சித்திரையில் ஏதோ காகிதக் குறையால் குழியை நாற்பது நாள் பூட்டியபோது, அதைத் திறக்கச் சொல்லி ஆட்சியர் அலுவலக வாசலில் கொடி பிடித்தவரே நாச்சிமுத்துதான். திறக்கக் கோரும் மனுவையும் அவரே கைப்பட எழுதினார். வெட்கப்பட்டுக்கொண்டே எழுதினார், ஆனாலும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதினார்.

அறிக்கை தயாரிக்க ஒரு பெண் ஒலிமானியோடு வந்தாள். வெடிக்கும் நேரத்தில் குழியின் கரையில் மூன்றுகால் தாங்கியில் அதை நிறுத்தினாள். கண்முன்னே பாறை எழுந்து விழுந்தது; கருவி காற்றின் இரைச்சலை மட்டும் காட்டியது. அவள் அதை உலுக்கிப் பார்த்தாள்.

"சத்தம் எங்கீங்கய்யா?"

"அது போன மாசமே வந்துட்டுப் போயிருச்சும்மா," என்றார் நாச்சிமுத்து.

மறுநாள் ஊருக்குள் தாங்கியை நிறுத்தினாள். குழியில் சாப்பாட்டு நேரம், யாரும் எதையும் வெடிக்கவில்லை. ஆனால் ஊர்மேல் இடி இடியாய் விழுந்தது, கருவியின் எண்கள் ஏறிக்கொண்டே போயின. அவள் கெட்டிக்காரி, இரண்டையும் உள்ளது உள்ளபடி எழுதினாள். குழியில் வெடிக்கும்போது இரைச்சல் இல்லை. ஊரில் இரைச்சல் இருக்கும்போது குழியில் வெடி இல்லை. ஆகவே ஊரின் இரைச்சலுக்கும் குழிக்கும் தொடர்பில்லை, அது அந்த ஊரின் இயல்பான பின்னணி இரைச்சல். அர்த்தனாரி அதைப் படித்துவிட்டு அந்தப் பெண்ணின் காரில் ஒரு பெட்டி மாம்பழம் வைக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி, மாலை நாலே கால் மணிக்கு, அந்தச் சத்தம் வந்தது.

அது வேட்டு இல்லை. அதற்கு முன் கொஞ்ச நேரமாக ஊர் அறியாத மொழியில் பேச்சும் சிரிப்பும் மேலே கேட்டுக்கொண்டிருந்தன, வெளியூர் லாரிக்காரர்கள் என்று யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு ஒரு குரல் கேட்டது. தெருக்குழாயில் பெண்கள் குடம் வைத்துக் காத்திருந்தார்கள், டீக்கடை பெஞ்சில் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், நாச்சிமுத்து கடை வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார், எல்லோருக்கும் மேலே நாச்சிமுத்துவின் குரல், அவருடைய வாய் பீடியைக் கவ்விக்கொண்டிருக்கும்போதே, "பாவாயி, ஓடு!" என்று கத்தியது. மறுபடியும் "பாவாயி, ஓடு புள்ள!" என்றது. மூன்றாம் தடவை பெயரின் பாதியிலேயே குரல் உடைந்தது. அதற்கு மேல் ஒரு நீண்ட உருளல், மலை தன் பக்கம் புரண்டு படுப்பதுபோல, நிற்காமல், நிற்காமல், ஒரு குடம் நிறைகிற நேரம் உருண்டு, அடங்கியது. அதற்குப் பிறகு பாவாயியின் பதில் எதுவும் கேட்கவில்லை.

பாவாயி குழாயடியில் இருந்தாள். நாச்சிமுத்துவின் மனைவி, குழியில் சக்கை உடைப்பவள், இருபத்தாறு வருடமாக அவரோடு வாயாடி வாழ்ந்தவள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நிறைந்து வழிந்துகொண்டிருந்த குடத்தை அவள் நகர்த்திவிட்டு அடுத்த குடத்தை வைத்தாள்.

"என்ன எல்லாரும் பொணத்தப் பாக்கற மாதிரி பாக்கறீங்க? இன்னும் இருவத்தொரு நாள் கெடக்குது. தண்ணி புடிக்க வேண்டாமா?"

சொல்லிவிட்டு நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ஆனால் வீடு வந்து சேர்ந்ததும் குடத்தை இறக்கி வைக்க மறந்து, இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, அடுப்பங்கரையில் வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் ஊருக்கு மேலே ஒரு சத்தமும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பதினெட்டாம் தேதிக்குப் பிறகு குழியில் ஒரு சம்மட்டிகூட விழப்போவதில்லை என்று அதற்கு அர்த்தம். சத்தத்தோடு வாழப் பழகியிருந்த ஊர் இப்போது அமைதியைக் கண்டு நடுங்கியது. அனுமதி கிடைக்காமல் வேலை போய்விட்டதோ என்று சிலர் பயந்தார்கள். கத்துவதற்கு ஆளே மிஞ்சவில்லையோ என்று சிலர் பயந்தார்கள், அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கோழி கூவினால்கூடத் திடுக்கிட்டு மேலே பார்த்தார்கள்.

பயம் ஊரை மரியாதைக்காரர்களாக்கியது. பாவாயியிடம் இரவல் வாங்கிய உரலும் சல்லடையும் திரும்பி வந்தன. மூன்று வருடம் பேசாதிருந்த நங்கையாள் ஒரு போசி நிறையக் கறிக்குழம்போடு வந்து அழுதாள். மரகதம் கடையில் அவளிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. பாவாயி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பத்தாம் நாள், முதலாளி வீட்டிலிருந்து சரிகைச் சேலை ஒன்று தட்டில் வந்தது.

"பாத்தீங்களா மாமா," என்றாள் அவள், சேலையை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு. "செத்தாத்தான் கோடித்துணி போடுவாங்க. இந்த மவராசன் மூக்குல மூச்சு இருக்கறப்பவே போட்டுட்டாரு."

நாச்சிமுத்து அந்தச் சேலையைச் சுருட்டிக்கொண்டு நேராகக் கிரஷர் ஆபீசுக்குப் போனார். அர்த்தனாரி அவரை உட்காரச் சொன்னார். அது அவர் வழக்கமில்லை.

"நீங்க எதுக்குங்க பயப்படறீங்க, நாச்சிமுத்தண்ணா? நல்ல சேதியத்தான சத்தம் சொல்லியிருக்குது. பதினேழோட அனுமதி முடியுது. பதினெட்டாந் தேதி குழிக்குள்ள சத்தம் வருதுன்னா என்ன அர்த்தம்? புது அனுமதி வந்துருச்சுன்னுதானே?"

"அந்தச் சத்தத்துல என்ன கேட்டுச்சுன்னு தெரியுமல்லங்க உங்களுக்கு?"

"கேட்டனுங்க, கேட்டனுங்க. அன்னிக்கு அம்மணிய வூட்லயே இருக்கச் சொல்லுங்க. இன்சூரன்சு வேற எல்லார்த்துக்கும் போட்டுட்டன்."

நாச்சிமுத்து சேலையை மேசைமேல் வைத்தார். வீட்டில் இருக்கச் சொல்லலாம். ஆனால் அவள் வீட்டில் இருந்தால் குழியில் நின்று தான் ஏன் அவள் பெயரைக் கத்த வேண்டும்? அந்த ஒரு கேள்வி இரவும் பகலும் அவர் நெஞ்சில் தமர் அடித்தது. கத்தாமலே இருந்துவிட்டால்? நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டால்? கத்தியது ஏற்கெனவே கத்தியாகிவிட்டது. இனி கத்துவதற்கான காரணம் மட்டுமே வர வேண்டியிருந்தது. மிச்சமிருந்த ஒரே வழி அனுமதி வராமல் செய்வது. பதினெட்டாம் தேதி குழி பூட்டிக் கிடந்தால் அங்கே யாரும் யாரையும் கூப்பிட முடியாது.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்பதாம் தேதி கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் பிரியாணிப் பொட்டலங்கள் இருந்தன, மேடையில் அதிகாரிகள் மூன்று பேர், ஒரு வீடியோக்காரர், தண்ணீர்ப் பாட்டில்கள். ராக்கியப்பன் முதலில் எழுந்து, குழி வேண்டும், வேலை வேண்டும், தம்பிக்குச் செயற்கைக்கால் வாங்கித் தந்தது முதலாளிதான் என்று சொல்லிவிட்டு, நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான். அவனைக் குறை சொல்ல நாச்சிமுத்துவுக்கு மனம் வரவில்லை. சித்திரையில் அந்தப் பேச்சை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பிறகு அவர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். நடுவிலிருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"நீங்க சொல்ற அந்த விபத்து எந்தத் தேதியில நடந்தது?"

"வர்ற பதினெட்டாந் தேதிங்க."

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள், ஆமைக்கரட்டுக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை.

"ஐயா, நடந்த குறை ஏதாவது இருந்தாச் சொல்லுங்க. நடக்காததையெல்லாம் பதிவு பண்ண முடியாது."

"ஏனுங்க, இந்த அறிக்கைல அஞ்சு வருசத்துக்கு அப்பறம் எவ்வளவு தூசி பறக்கும், எத்தனை அடி தண்ணி கீழ போகும்னு எழுதியிருக்கீங்களே, அது மட்டும் நடந்து முடிஞ்சதுங்களா? நடக்கப் போறதக் கேக்கத்தான இந்தக் கூட்டம்? நாங்க கேட்டுட்டு வந்து சொல்றமுங்க. காதால கேட்டுட்டு வந்து சொல்றம்."

அவருடைய வாழ்நாளில் அவர் பேசிய சிறந்த பேச்சு அது. நாலு நாள் கழித்துக் கூட்டக் குறிப்பின் நகல் வந்தது. அதில் அந்தப் பேச்சு ஒரே வரியாக இருந்தது: பணியாளர் பாதுகாப்புக் குறித்து ஒருவர் ஐயம் எழுப்பினார், திட்ட உரிமையாளர் காப்பீடு செய்திருப்பதாக உறுதியளித்தார்.

பதினேழாம் தேதி மாலை அனுமதி வந்தது. நாற்பத்து மூன்று நிபந்தனைகள் கொண்ட, ஐந்து வருடத்துக்கான அனுமதி. முப்பத்தொன்றாவது நிபந்தனை, இரைச்சல் வரம்பை மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது.

அன்றே சங்கம் கூடியது. வேலைநிறுத்தம் என்ற சொல்லை நாச்சிமுத்து சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. குழியை வேண்டுமென்று பேசிய ராக்கியப்பன்தான் முதலில் கை தூக்கினான். "நாளைக்கு ஒருத்தனும் கரை தாண்டக் கூடாது. நான் போகாட்டி இன்னொருத்தன் போவான்னு எனக்குத் தெரியும். ஆரும் போகக் கூடாது," என்றான். பதினெட்டாம் தேதி விடிந்ததும் அறுபது பேரும் குழிப்பாதையின் குறுக்கே உட்கார்ந்தார்கள். பாவாயியை வீட்டில் வைத்து, சுற்றிலும் பத்துப் பெண்கள் உட்கார்ந்துகொண்டார்கள். கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் ராக்கியப்பன் வீடு நினைவுக்கு வரும். அவர்கள் பேச முயன்றார்கள். எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் அது துக்க வீட்டுப் பேச்சாகவே முடிந்தது.

"அட, ஒப்பாரியாச்சும் வெச்சுத் தொலைங்கடி, காது நெறையக் கேட்டுட்டாவது போறேன்," என்றாள் பாவாயி.

மூன்றரை மணிக்கு மேல் மரகதம் சேதியோடு ஓடி வந்தாள். பின்பக்கக் காட்டை வெட்டி வழி உண்டாக்கி, முதலாளி வடக்கத்தி ஆட்கள் ஒன்பது பேரை டெம்போவில் ஏற்றி வந்து குழிக்குள் இறக்கிவிட்டார். அனுமதி வந்த முதல் நாள் குழி சும்மா இருந்தால் சங்கத்துக்குப் பணிந்ததாகிவிடுமாம். அவர்கள் கையில் கயிறு இல்லை. அவர்களுக்கு இந்த ஊரின் சத்தமும் தெரியாது, பேச்சும் தெரியாது. கரையில் நின்று நாச்சிமுத்துவும் மற்றவர்களும் சிவப்புத் துணியை வீசுகிறார்கள். கீழே இருப்பவர்கள் அதைச் சங்கக்கொடி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

பாவாயி எழுந்தாள். பத்துப் பெண்களும் அவள் கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்கள்.

"விடுங்கடி. எனக்காச்சும் இருவத்தொரு நாள் முன்னாடி ஓடுன்னு ஒருத்தரு கத்துனாரு. அவங்களுக்கு ஆரு கத்துனாங்க?"

அவர்கள் கை தளர்ந்ததா அவள் உதறினாளா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியவில்லை. நாச்சிமுத்து கிழக்குக் கரையில் நின்று பார்த்தபோது, லாரி இறங்கும் சரிவில் அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடி இறங்குவது தெரிந்தது. இதுதான் காரணம். இதற்குத்தான் கத்தினேன். அவர் கரையைச் சுற்றிக்கொண்டு சரிவை நோக்கி ஓடினார், ஐம்பத்திரண்டு வயதுக் கால்கள் எவ்வளவு ஓடுமோ அதைவிட அதிகமாக ஓடினார்.

அவர் சரிவில் பாதி இறங்கியபோது அவள் அடித்தளத்தில் இருந்தாள். ஒருவனைத் தோளைப் பிடித்துத் தள்ளினாள், ஒருவனைக் கன்னத்தில் அறைந்தாள், மேலே கையைக் காட்டினாள், மார்பில் அடித்துக்கொண்டாள். அந்த ஊமைக் குழிக்குள் அவள் ஒரு பொம்மைபோல ஆடினாள். ஒருவன் புரிந்துகொண்டு ஓடினான். அவனைப் பார்த்து மற்றவர்கள் ஓடினார்கள். பச்சைச் சட்டை போட்ட ஒருவன் மட்டும் கம்ப்ரசருக்குப் பின்னால் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் அவனிடம் போனாள். அப்போது மேற்குச் சுவரின் உச்சியில், புகைபோல ஒரு மெல்லிய தூசிக்கோடு நெடுக ஓடியதை நாச்சிமுத்து பார்த்தார்.

வாயைத் திறந்தார். பாவாயி, ஓடு. தொண்டை கிழிந்தது, சத்தம் வரவில்லை. பாவாயி, ஓடு புள்ள. ஒன்றுமில்லை. அவருடைய குரலை அவர் இருபத்தொரு நாளைக்கு முன்பே செலவழித்துவிட்டிருந்தார்.

ஆனால் அவள் திரும்பினாள். சத்தம் கேட்டுத் திரும்பவில்லை. எங்கே நின்று அவர் கத்துவார், எப்படி வாய் கோணும் என்று இருபத்தொரு நாளும் நினைத்து நினைத்துப் பார்த்திருந்தவள், அந்த வாயைத்தான் தேடித் திரும்பினாள். சரிவின் நடுவில் அது திறந்திருப்பதைக் கண்டாள். பச்சைச் சட்டைக்காரனின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள். மூன்றாம் தடவை அவர் கத்தும்போது சுவர் வந்துகொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லாமல், தண்ணீரில் கரையும் வெல்லம்போல, மேற்குப் பக்கம் முழுவதும் கழன்று வந்தது. தூசி எழுந்து எல்லாவற்றையும் மூடியது.

அந்தத் தூசிக்குள் நாச்சிமுத்து முட்டி போட்டு நின்றார். கூப்பிட முடியாது. அவள் கூப்பிட்டாலும் கேட்காது. கைகளால் காற்றைத் துழாவிக்கொண்டு கீழ்நோக்கி ஊர்ந்தபோது ஒரு கை அவர் முகத்தில் இடித்தது, மூக்கைப் பிடித்தது, காதைப் பிடித்தது, பிறகு அவருடைய தோளை இறுகப் பற்றிக்கொண்டது. உழைத்துக் காய்த்த உள்ளங்கை. அதை அவர் இருட்டிலும் அறிவார்.

இருவரும் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு கரை ஏறினார்கள். கரையைத் தாண்டியதும் அவளுக்குக் குரல் திரும்பியது, இருமல் வந்தது. எட்டுப் பேர் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழே பார்த்துத் தங்கள் மொழியில் ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, கிரஷரின் வருகைப் பதிவேட்டில் அது எழுதப்படவுமில்லை. பாவாயியின் வலது கை விரல்கள் இன்னும் மூடியே இருந்தன. நங்கையாள் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டபோது உள்ளே ஒரு கைக்குட்டை அளவுக்குப் பச்சைத் துணி இருந்தது.

"புடிச்சிருந்தனே," என்றாள் பாவாயி. "புடிச்சுட்டுத்தான இருந்தேன்."

நாச்சிமுத்து அவளைத் தன் மார்போடு சாய்த்துக்கொண்டார், ஊர் பார்க்க அவர் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. சுற்றிலும் நின்ற அறுபது பேருக்கும் கேட்கும்படி, மேடையில் பேசும் குரலில் சொன்னார்: "எழுதி வெச்சுக்குங்க. இனி இந்தக் குழிக்குள்ள என்ற காலு படாது. பட்டினி கெடந்து செத்தாலும் படாது."

ராக்கியப்பன் தலையாட்டினான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். சிலர் அழுதார்கள். தூசி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, அனுமதி பெற்ற குழி வெள்ளை வெளேரென்று கிடந்தது.

அப்போது, இருபத்தொரு நாளாக ஊமையாயிருந்த வானத்தில், தேங்காய் உடையும் சத்தம் கேட்டது. கம்ப்ரசர் கிளம்பியது. பொக்லைன் ஒன்று உறுமியது. யார் யாரோ பேசிக்கொண்டார்கள், யாரோ சிரித்தார்கள். கூட்டத்தில் ஒருவன் தன்னையறியாமல், "வேலை இருக்குது," என்று மூச்சுவிட்டான், விட்டதும் வாயைப் பொத்திக்கொண்டான். அந்தப் பேச்சுக் குரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் தனியாக எழுந்தது. நிதானமான, பணிவான, எல்லோரும் முப்பது வருடமாக அறிந்த குரல்.

"சாமி கும்பிட்டாச்சுங்க மொதலாளி. நீங்க மேல போயி நின்னுக்குங்க. நான் பாத்துக்கறனுங்க."

பாவாயி அவர் மார்பிலிருந்து தலையைத் தூக்கி, அவருடைய வாயைப் பார்த்தாள்.

அது மூடியிருந்தது.